‘டக்’ என்ற சத்தமும் முதுகெலும்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்று வாரமாக எனக்கு இடுப்பு வலி. முதுகெலும்பைக் கையால் அழுத்தி இயக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போய்வந்த நண்பர், “டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, விலகியிருந்த எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது” என்கிறார். நானும் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் நண்பர் சொன்ன காரணத்துக்காக அல்ல. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் இதே சத்தம்தான். மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது, இடையிலுள்ள திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குழி உண்டாகிறது. எலும்பு எதுவும் இடம் மாறி உட்காருவதில்லை. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் இம்முறையைத் தொடங்கிய டேனியல் டேவிட் பால்மர், பெரும்பாலான நோய்களுக்கு முள்ளெலும்பு விலகலே மூலம் என்று நம்பினார். அவர் முதன்முதலில் தீர்த்ததாகச் சொல்லிக்கொண்டது முதுகு வலியைக்கூட அல்ல, ஒருவருடைய காது கேளாமையை!

கொள்கைக்குச் சான்றில்லை என்பதால் கை வேலையும் வீண் என்று தள்ளிவிட முடியாது. இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பே முயன்று பார்க்கத் தக்கவற்றுள் ஒன்றாக, முதுகெலும்பைக் கையால் அழுத்தி இயக்கும் சிகிச்சையையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் அமைப்பின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. பலன் மிதமானதே, முறையான உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் ஏறத்தாழ அதே அளவு நிவாரணம் தரும். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் வலியும் இறுக்கமும் இருந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் கசிந்தாலோ, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. எலும்பு அடர்த்திக் குறைவு உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். கழுத்து வலிக்காக அவரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: கழுத்தைச் சட்டென்று திருப்பும் சிகிச்சை அவருக்கு வேண்டவே வேண்டாம். அடர்த்தி குறைந்த எலும்பு முறியலாம். அந்த மாத்திரையால் உள்ளே இரத்தக் கசிவும் ஏற்படலாம். இவை இல்லாதவர்களுக்கும் கழுத்து வேறு, இடுப்பு வேறு. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகவே ஏறிச் செல்கின்றன. தலையை இரு கைகளாலும் பற்றி வேகமாகத் திருப்பிய பிறகு அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாக அரிதாகப் பதிவுகள் உள்ளன. கிழிசல் முன்பே தொடங்கியிருந்து, அந்த வலிக்காகவே சிலர் சிகிச்சைக்குப் போயிருக்கலாம் என்ற வாதமும் இருக்கிறது. எப்படியானாலும், வலியைக் குறைக்க மென்மையான வழிகள் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏற்பானேன் என்பது என் கருத்து. சிகிச்சைக்குப் பின் இதுவரை அறியாத கடுமையான தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், படுத்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து, இருபத்து நான்கு முறை வர முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அடிபட்டதோ, காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ, முன்பு புற்றுநோய் இருந்ததோ இல்லையென்றால் சாதாரண இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே பொதுவாகத் தேவைப்படாது. இவற்றையெல்லாம் விசாரிக்காமலே படுக்கச் சொல்பவரிடம் ஒருமுறைகூடப் படுக்க வேண்டாம்.