சாம்பல் தெருவில் ஒரு சிவப்பு

கேள்வி: நண்பர்களோடு குறும்படம் எடுக்கப் போகிறேன். வசனம் மிகக் குறைவு. கேமராவும் நிறமும் மட்டுமே கதை சொல்லிவிடுமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: தாராளமாகச் சொல்லும். ஆல்பெர் லாமொரீஸ் 1956-ல் எடுத்த ‘சிவப்பு பலூன்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். ஒரு சிறுவனும் அவன் கூடவே வரும் ஒரு சிவப்பு பலூனும்தான் கதை. சுமார் 34 நிமிடம். பேச்சு இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது!

பாரிஸின் மெனில்மோந்தான் பகுதித் தெரு, சுவர், சிறுவனின் உடை, பெரும்பாலும் எல்லாமே சாம்பல். நடுவில் பளபளவென்று அந்தச் சிவப்பு பலூன். எவ்வளவு தூரத்தில் மிதந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். அந்தப் பையனுக்கு அது எவ்வளவு பெரிது என்று யாரும் வாய் திறக்கவே வேண்டாம்.

கடைசியில், வம்புக்கார பையன்கள் விட்ட கவண்கல் பட்டதும் பலூன் படாரென்று வெடிக்காது. காற்று இறங்க இறங்க அதன் மேல்தோல் மெல்லச் சுருங்கும். அதைப் பார்த்தபோது என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். பார்வை எதன்மேல் நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம், அந்த நிறம் ஃப்ரேமில் வேறெங்கும் வராமல் பாருங்கள். பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி, கொடியில் காயும் துண்டு எல்லாவற்றையும் படப்பிடிப்புக்கு முந்தின நாளே அகற்றிவிடுங்கள்.