படகோனியா, வெட்டவெளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாவல் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். மனைவியை இழந்த ஒருவன் ஆளே இல்லாத இடம் தேடி அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குப் போகிறான். வரைபடத்தில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெட்டவெளி. நீங்கள் போயிருப்பதாக ஓர் உரையில் சொன்னீர்கள். காற்று எந்த மாதத்தில் அதிகம்? பக்கத்திலேயே ஆண்டிஸ் மலையில் அவ்வளவு பனி இருந்தும் நிலம் ஏன் வறண்டிருக்கிறது? தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?

ம.

அன்புள்ள ம.,

தமிழர் கேள்வியை விட்டுவிடுகிறேன். அதைக் கேட்காமல் நம்மால் எந்த நாட்டைப் பற்றியும் பேச முடிவதில்லை.

வறட்சிக்குக் காரணம் காற்றேதான். தென் அட்சரேகை நாற்பது டிகிரிக்குத் தெற்கே பூமியைச் சுற்றி ஏறக்குறைய கடல்தான். மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அது ஆண்டிஸில் முட்டி, ஈரத்தையெல்லாம் சிலி பக்கம் மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டும்போது மிச்சமிருப்பது வேகம் மட்டும். கிழக்கே பல இடங்களில் வருடத்துக்கு 200 மி.மீ. மழைகூடக் கிடையாது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. 'ஒன்றுமே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. கொஞ்ச நாளாகவே இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. 1878 முதல் 1885 வரை அர்ஜென்டினா ராணுவம் அந்தப் பக்கம் நடத்திய போருக்கு வைத்த பெயர் 'பாலைவனத்தை வெல்லுதல்'. மணல்மேல் யாராவது படையெடுப்பார்களா? எதிரே இருந்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகளான மபுச்சே மக்களும் தெவெல்சே மக்களும். ராணுவத்தார் அவர்களைக் கொன்றார்கள், பிடித்துக்கொண்டுபோய்க் குடும்பங்களைப் பிரித்தார்கள். நிலம் பெரிய பண்ணைகளாயிற்று. 1879இல் படை நடத்திய ஹூலியோ ரோக்கா அடுத்த வருடமே ஜனாதிபதி. ஆளில்லாத இடம் என்று முதலிலேயே பெயர் வைத்துவிட்டதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அதே படகோனியாவுக்கு, அந்தப் போருக்கு முன்பே, 1865இல் பிரிட்டனின் வேல்ஸிலிருந்து மிமோசா என்ற கப்பலில் சுமார் நூற்றைம்பது பேர் வந்தார்கள். தங்கள் மொழி அழியாமல் இருக்க ஓர் இடம் தேடி வந்தவர்கள். பச்சைப் பசேல் என்றிருக்கும் என்று அவர்களை நம்ப வைத்திருந்தார்கள். இறங்கிய கரையில் நல்ல தண்ணீர்கூட இல்லை. சுபுத் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி அவர்கள் கோதுமை விளைவித்தது பிறகு. அதுவரை இறைச்சி தந்து, குவானாக்கோ என்ற ஒட்டக இனக் காட்டு விலங்கை வேட்டையாடவும் கற்றுக்கொடுத்தவர்கள் தெவெல்சே மக்கள். ஒன்றுமில்லாத இடத்தில் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று உங்கள் கதாநாயகன் யோசிக்க மாட்டானா? நாவல் எழுதுகிறவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஆளுக்கு ஏன் அப்படியொரு இடம் வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மா இறந்த வருடம் நானும் அப்படித்தான் கிளம்பினேன். சுபுத் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டின் முன்னால் வண்டி நின்றது. "கதவை இரண்டு கையாலும் பிடியுங்கள்" என்று ஓட்டுநர் சைகையில் காட்டினார். நான் ஒரு கையால் திறந்தேன். காற்று பிடுங்கிய வேகத்தில் கீல் வளைந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து கயிறு எடுத்துவந்து கதவைக் கட்டினார். ஏற்கனவே முடிச்சுப் போட்டுப் பழகிய கயிறு.

வீட்டைச் சுற்றி பாப்லர் மரங்களை நெருக்கி நட்டிருந்தார்கள். வரிசையைத் தாண்டி உள்ளே போனதும் காது அடைத்ததுபோல் ஆகிவிட்டது. மேலே மரங்கள் இரைகின்றன, கீழே புல் அசையவில்லை. ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த அமைதியிலும் ஒரு போர்வைக்கு ஆறு கிளிப். என் முகத்தில் என்ன கண்டாரோ, கூடையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த போர்வையை உதறினார். கொடி நிறையும்வரை நான் கிளிப் எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆமாம், காற்று கேட்டீர்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை. அங்கே அது வசந்தமும் கோடையும். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள்.