வாசகர் கேள்விகள்: திருக்கையின் வாலும் வம்சமும்

கேள்வி: விலங்கியல் படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஜாடியில் இருக்கும் வெள்ளைப்புள்ளித் திருக்கைக்கு 'ஹிமாண்டுரா ஜெரார்டி' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. புதிய பட்டியலில் 'மாகுலாபேட்டிஸ் ஜெரார்டி' என்று இருக்கிறது. எது சரி? ஏன் மாற்றினார்கள்? (மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: புதியதுதான் சரி. ஆனால் பழைய சீட்டைக் கிழித்துவிடாதீர்கள், பக்கத்தில் புதுப்பெயரை எழுதி வையுங்கள். 2016க்கு முன் வந்த கட்டுரைகள் பெரும்பாலும் பழைய பெயரில்தான் கிடைக்கும்.

ஹிமாண்டுரா பேரினத்தை (பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு, இரட்டைப் பெயரின் முதல் சொல்) 1837இல் ஜெர்மனியில் முல்லரும் ஹென்லேயும் அமைத்தார்கள் (சிறுநீரகப் பாடத்தில் ஹென்லே வளைவு என்று படித்திருப்பீர்களே, அதே ஹென்லேதான்). கொட்டும் திருக்கைகள் பலவற்றுக்கு வாலில் முள்ளைத் தாண்டி, மேலேயோ கீழேயோ, தோல் மடிந்து மெல்லிய துடுப்பாக ஓடும். இந்தக் கூட்டத்துக்கு அது கிடையாது, வால் வெறும் சாட்டையாக நீண்டு போகும், சில இனங்களில் உடல் அகலத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்கு. ஆய்வாளர்கள் இந்த அடையாளத்தையே பிடித்துக்கொண்டு, மடிப்பில்லாத வாலோடு எந்தத் திருக்கை வந்தாலும், கடலோ ஆறோ, ஆசியாவோ அமெரிக்காவோ, எல்லாவற்றையும் இந்தப் பெயருக்குள் போட்டார்கள்.

சிக்கல் அங்கேதான். வால் மடிப்பை இழப்பது ஒரே வம்சத்தில் ஒரே தடவை நடந்ததல்ல, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. கரீபியன் கடலில் வாழும் ஷ்மார்டே இனத்தைப் பாருங்கள். பல காலம் ஹிமாண்டுரா என்றே இருந்தது. உடற்கூறும் மரபணுவும் பார்த்தபோது அது நம் பக்கத்துத் திருக்கைகளுக்குச் சொந்தமே இல்லை, அமேசான் ஆற்றுத் திருக்கைகளின் உறவு! 2016 முதல் ஸ்டைராகுரா என்ற தனிப் பேரினத்தில், தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கைகளின் குடும்பத்தில் இருக்கிறது.

அதே 2016இல் பீட்டர் லாஸ்ட், கேவின் நெய்லர், மேபல் மஞ்சாஜி-மாட்சுமோட்டோ என்ற மூன்று ஆய்வாளர்களும் கொட்டும் திருக்கைக் குடும்பம் முழுவதையும் திருத்தி எழுதினார்கள். உங்கள் ஜெரார்டி மாகுலாபேட்டிஸுக்குப் போனது. நம் சோழமண்டலக் கரையின் சின்னத் திருக்கை இம்ப்ரிகேட்டா, 1801லேயே பெயர் பெற்றது, பிரெவிட்ரைகானுக்குப் போனது. மேகோங் ஆற்றின் பூதத் திருக்கை யூரோஜிம்னஸுக்குப் போனது. 2022 ஜூனில் கம்போடியாவில் 300 கிலோ எடையோடு பிடிபட்டு, அதுவரை பதிவான நன்னீர் மீன்களிலேயே பெரியது என்று செய்தியில் வந்ததே, அதுதான். ஹிமாண்டுராவில் இப்போது மிச்சம் இருப்பவை உவார்னாக், லெபார்டா, உண்டுலாட்டா போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களே. பெயர் மாறினால் எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனால் உறவில்லாதவற்றை ஒரே பெயரில் வைத்திருந்தால் எது குறைகிறது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கணக்கே போட முடியாது, அதனால் இந்த மாற்றத்தை நான் மனதார ஆதரிக்கிறேன்.

கேள்வி: ஏலக்கூடத்தில் ஒன்றில் கரும்புள்ளி, இன்னொன்றில் சிறுத்தை மாதிரி வளையம். இரண்டும் வேறு வேறு திருக்கையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வேறாகவும் இருக்கலாம், ஒன்றின் குட்டியும் தாயுமாகவும் இருக்கலாம். லெபார்டா இனம் குட்டியில் முழுக் கரும்புள்ளியோடு இருக்கும், வளர வளர அந்தப் புள்ளிகள் வளையமாகும். உவார்னாக்கும் உண்டுலாட்டாவும்கூட வயதோடு கோலம் மாற்றுபவைதான். இந்தக் குழப்பத்தால்தான் லெபார்டா தனி இனம் என்று 2008இல்தான் விவரிக்கப்பட்டது, அதுவரை மற்ற இரண்டு பெயர்களுக்குள் ஒளிந்திருந்தது. ஆகவே கோலத்தை மட்டும் நம்பாதீர்கள். உடலின் அகலத்தை அளந்து, முதுகின் நடுவில் தோள்பட்டைக்கு நேராக இருக்கும் தடித்த செதில் முட்களின் வடிவத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று.

கேள்வி: திருக்கைக்கு எலும்பே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அந்த முள் எதனால் ஆனது? குத்தினால் என்ன செய்வது? (வாசகி, ராமேஸ்வரம்)

பதில்: ஆமாம், எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. முள் அதில் சேராது. அது தோல் செதில் பெரிதாகி மாறியது, நம் பல்லில் இருக்கும் டென்டின் வகைப் பொருள். இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் இருப்பதால் உள்ளே போகும்போது போடும் காயத்தைவிட வெளியே வரும்போது கிழிப்பது அதிகம். அடிப்பக்கத்தில் இரண்டு பள்ளம், அதில் விஷத் திசு, எல்லாவற்றையும் மூடி ஒரு தோல் உறை. ஒடிந்தால் வேறு முள் முளைக்கும். மேகோங் திருக்கையின் முள் 38 சென்டிமீட்டர் வரை போகும், ஆனால் அதே பேரினத்தில் முதுகெல்லாம் முள்ளாக இருக்கும் அஸ்பெரிமஸுக்குக் கொட்டும் முள்ளே இல்லை!

விஷம் புரதம் என்பதால் சூட்டில் வீரியம் குறையும். கையிலோ காலிலோ குத்தினால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய வெந்நீரில் (45 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம், அடிபடாத கையால் தொட்டுப் பாருங்கள்) 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள், வலி நன்றாகவே தணியும். அப்புறம் கட்டாயம் மருத்துவமனை. உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி போட வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: முட்டையா, குட்டியா? (மாணவர், கடலூர்)

பதில்: கொட்டும் திருக்கைகள் எல்லாம் குட்டிதான். முட்டைக்கரு தீர்ந்ததும் தாயின் கருப்பைச் சுவரிலிருந்து சுரக்கும் கொழுப்பு நிறைந்த பாலைக் குடித்து வளரும். ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள் மட்டுமே. சினைத் திருக்கை வலையில் உயிரோடு சிக்கினால் திருப்பி விட்டுவிடுங்கள் என்று உங்கள் ஊர்ப் படகுக்காரர்களிடம் சொல்லுங்கள்.