கொழும்பின் கடலோரப் பொதுத் திடலான காலிமுகத்திடல் தனியார் கைக்குப் போகாமல் தடுத்தது யார்?

வழக்குப் போட்டுத் தடுத்தது, 1981இல் தொடங்கிய என்வயன்மென்டல் ஃபவுண்டேஷன் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. திடலின் சுமார் 14 ஹெக்டேயரை அரசின் நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட இருந்தது. ஒப்பந்த விவரத்தை அமைப்பு கேட்டும் சபை தரவில்லை. 2005 நவம்பரில் இலங்கையின் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) ஒப்பந்தம் செல்லாது என்றது. அதைவிடப் பெரியது இது: பேச்சுரிமைக்குள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் என்றது. தகவலறியும் சட்டம் வந்ததோ 2016இல்தான்!

வாதத்துக்குக் கைகொடுத்தது திடலில் உள்ள ஒரு பழைய கல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நட்டது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக திடலின் நடைபாதையைத் தனக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அதில் பொறித்திருக்கிறது. திடலுக்கு இறால் வடை வாங்கப் போகும்போது ஒருக்கா வாசித்துப் பாருங்கள்.