ரூ. 600-க்கு வாங்கிய இயர்போனில் பேஸே இல்லை, ஒரு பக்கம் ஒலியும் குறைவு. வேறு எதை வாங்கலாம்?

கடைக்குப் போகுமுன் ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். பேஸ் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்: காதுத் துளை சரியாக அடைபடாவிட்டால் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். நம்மில் பலர் பெட்டியில் வரும் நடு அளவோடு நின்றுவிடுகிறோம். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை; எனக்கு வலது காதுக்குப் பெரியது, இடதுக்கு நடுத்தரம்.

ஒரு பக்கம் மட்டும் குறைவு என்றால், ரப்பர் முனைக்குள் ஒலி வரும் வாயில் உள்ள சிறு வலையில் காதழுக்கு இருக்கலாம். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டுங்கள். ஊசி வேண்டாம்.

அதற்கும் சரியாகவில்லையா, சரி, புதிதே வாங்குங்கள். என்னுடைய பழையவை எல்லாம் ஜாக் அருகே ஒயர் அறுந்துதான் செத்தன. அதனால் கேபிளைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள். மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ இரண்டும் அப்படிப்பட்டவை. 20 டாலர் அளவில் வந்தவை. அதிரும் பேஸ்தான் வேண்டுமென்றால் ஸீரோ உங்களுக்குச் சப்பென்று இருக்கும். அப்புறம், இவை ஒயர் உள்ளவை என்பதால் போனில் இயர்போன் செருகும் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.