மகளின் தோழி வீட்டாரும் துப்பாக்கியும்

வணக்கம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் உங்கள் மகளின் தோழி வீட்டார் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்கள், ஆசிரியர்களிடம் துப்பாக்கி இருப்பதே பிள்ளைகளுக்குக் காப்பு என்கிறவர்கள், இவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள்.

பக்தியை வைத்தே ஒருவரின் கருத்தை முடிவு கட்டாதீர்கள். வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் (பைபிளையே முதன்மையாகக் கொள்ளும் புராட்டஸ்டன்ட் பிரிவினர்) துப்பாக்கி வைத்திருப்போர் அதிகம்தான். குடும்பத்தைக் காப்பது கடவுள் தந்த கடமை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உங்கள் ஊரிலேயே, 2023 மார்ச்சில் கவனன்ட் பள்ளியில் 3 குழந்தைகளும் 3 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பிரெஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த அந்தப் பள்ளியின் பெற்றோர் பலர், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உட்பட, மாநிலச் சட்டமன்றப் படியேறித் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டார்கள். ஆசிரியர்கள் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்க அனுமதிக்கும் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். அது நிறைவேறியது வேறு கதை.

அச்சட்டப்படி எந்த ஆசிரியரிடம் ஆயுதம் இருக்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லமாட்டார்கள். எவ்வளவு பக்திமானானாலும் பிள்ளை பெற்றவருக்கு இது உறுத்தும். பேச்சை அங்கே தொடங்குங்கள். வசனத்துக்கு வசனம் வாதாடினால் நட்புதான் முறியும்.

மகளை அங்கே விளையாட அனுப்பும் முன், வீட்டுத் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வியே அல்ல.