நேர்கோட்டை மட்டும் நம்பலாமா? மலையில் சூரிய ஒளிமானியை அளவுத்திருத்தம் செய்தல்

கேள்வி: கொடைக்கானலில் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். பச்சை எல்இடியை உணரியாக வைத்து, நேர் வெயிலின் வலிமையை வோல்ட்டாகக் காட்டிக் காற்றின் மங்கலை அறிய உதவும் சூரிய ஒளிமானி ஒன்றை மாணவர்களுடன் செய்தோம். ஜனவரியில் இரண்டு காலைகள் அளந்து லாங்லி வரைபடம் வரைந்தோம். இரண்டிலும் புள்ளிகள் நேர்கோட்டில்தான் விழுந்தன. ஆனால் வளிமண்டலத்துக்கு வெளியே கிடைக்க வேண்டிய வோல்ட் முதல் நாளில் 1.92 (சாய்வு 0.16), இரண்டாம் நாளில் 1.71 (சாய்வு 0.09) என்று வருகிறது. எதை எடுத்துக்கொள்வது, அல்லது சராசரி போட்டுவிடலாமா?

பதில்: சராசரி வேண்டாம். உங்கள் இரண்டாம் நாள் கோடு தரும் மதிப்பு தவறு என்பதை அந்தச் சாய்வே காட்டிவிடுகிறது.

சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தால் ஒளி கடந்து வரும் காற்றுப்பாதையை 1 என்று கொண்டால், அது சரியும்போது 2, 3, 5 என்று பாதை நீளும். லாங்லி வரைபடத்தில் வோல்ட்டின் இயல் மடக்கையை இந்த மடங்குக்கு எதிரே குறித்துக் கோட்டைப் பாதை 0 வரை நீட்டினால், காற்றே இல்லாத இடத்தில் கருவி காட்டக்கூடிய மதிப்பு கிடைக்கும். கோட்டின் சாய்வு அன்றைய காற்றின் ஒளியியல் தடிமன், அதாவது காற்று ஒளியை எவ்வளவு குறைக்கிறது என்பதன் அளவு. ஆக, பாதை 0இல் கிடைக்கும் அந்த மதிப்பு (வெட்டுத்துண்டு) கருவியின் குணம், நாளுக்கு நாள் மாறக்கூடாதது. சாய்வு அன்றைய வானத்தின் குணம்.

தூசியே இல்லாத தூய காற்றும் ஒளியைச் சிதறடிக்கும். பச்சை ஒளிக்கு அதனால் வரும் தடிமன் கடல் மட்டத்தில் ஏறத்தாழ 0.14, காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாக உள்ள கொடைக்கானலில் ஏறத்தாழ 0.10. எந்த நாளிலும் சாய்வு இதற்குக் கீழே போக முடியாது. 0.09 வந்திருப்பதால், கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் அது உண்மையான கோடு அன்று.

பின் எப்படி நேராக வந்தது? காற்றுப்பாதை மடங்கின் தலைகீழ், சூரியனின் உயரக்கோணத்தின் சைனுக்கு ஏறத்தாழச் சமம். காலை வேளையில் இது நேரத்தோடு சீராக ஏறும். தூசிமங்கலும் அதே சீரில் ஏறினால், அந்த ஏற்றம் முழுவதும் வெட்டுத்துண்டில் போய் ஒளிந்துகொள்ளும், கோடு துளியும் வளையாது. 1.92 சரியென்று வைத்துப் பாருங்கள்: அன்று காலை 7.35 மணி வாக்கில் (மடங்கு 5) 0.11 ஆக இருந்த தடிமன், 9 மணி வாக்கில் (மடங்கு 2) 0.15 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மலைவிளிம்பிலுள்ள கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று விடியலில் கீழே பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. சமவெளியின் மேல் வெண்மையாகப் படிந்துகிடக்கும் மங்கல், வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் மேலெழும் காற்றோடு ஊருக்கே வந்துவிடும். நானும் முதல் குளிர்காலத்தில் இப்படியொரு நேர்கோட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டவன்தான்.

எனவே 1.92ஐயும் இப்போதைக்கு இறுதியாகக் கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காட்டுத்தீப் புகை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் எட்டுப் பத்து காலைகளாவது அளந்து, மடங்கு 5 முதல் 2 வரையுள்ள அளவீடுகளை மட்டும் பயன்படுத்துங்கள். மெல்லிய கீற்றுமேகம் சூரியனருகே தெரிந்த நாளையும் சாய்வு 0.10க்குக் கீழே வந்த நாளையும் தள்ளிவிட்டு, எஞ்சிய மதிப்புகள் ஓரிரண்டு விழுக்காட்டுக்குள் நெருங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் அவற்றின் சராசரியே உங்கள் மதிப்பு. வெட்டுத்துண்டில் 1 விழுக்காடு பிழை, மடங்கு 1இல் தடிமனில் 0.01 பிழையாகும், 1.92க்கும் 1.71க்கும் இடையே உள்ள வேறுபாடோ தடிமனில் ஏறத்தாழ 0.12, அதாவது தெளிந்த நாளில் மலைமேல் உள்ள தூசியைவிடவே பெரியது. ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஆய்வகத்துக்கு முதன்மைக் கருவிகளைக் கொண்டுபோய்த் திருத்திவந்ததும் இதற்காகத்தான்.

கருவியிலும் இரண்டைக் கவனியுங்கள். ஒளி நுழையும் துளையை விரலால் மூடி, அப்போது காட்டும் மில்லிவோல்ட்டை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்துவிட வேண்டும். எல்இடி குளிரிலும் வெயிலிலும் ஒரேபோல் நடந்துகொள்ளாது. ஏழு மணிக் குளிரில் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்பது மணி வெயிலில் அளந்தால் வெப்பநிலை மாற்றமும் சாய்வில் கலந்துவிடும். அளவீடுகளுக்கு இடையில் ஸ்வெட்டருக்குள் உடலோடு ஒட்டி வைத்திருந்தாலே பெரும்பாலும் போதும்.

இறுதியில் கிடைக்கும் மதிப்பை அப்படியே ஜூலையில் பயன்படுத்த வேண்டாம். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலை தொடக்கத்தில் மிகத் தொலைவில். ஒளியின் செறிவில் இரண்டுக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு வேறுபாடு உண்டு. ஜனவரி மதிப்பை 0.967ஆல் பெருக்கிச் சராசரித் தொலைவுக்குரியதாக்கிக் குறித்து வைத்துக்கொண்டு, அளக்கும் நாளின் தொலைவுக்கேற்ப மீண்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.